மாறியது பொருள், மாறவில்லை எண்

2006 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர் ஒரு மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டார். செவர்லே கோபால்ட் போன்ற சிறிய கார்களில் சாவி போட்டுத் திருப்பும் இக்னிஷன் சுவிட்ச் தொடர்பான படிவம் அது. சாவியை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் குட்டித் தண்டையும் ஸ்பிரிங்கையும் சற்றே நீட்ட வேண்டும் என்பதுதான் மாற்றம். பழைய சுவிட்சில் பிடிமானம் போதவில்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலும், முழங்கால் இடித்தாலும், பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும், ஓடும்போதே சாவி பின்னுக்கு நழுவிவிடும். என்ஜின் நின்றுபோகும். ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் துணைவிசை அற்றுப்போகும். மோதும் நொடியில் விரிய வேண்டிய ஏர்பேக் விரியாது. நீளமான தண்டு இந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால், திருத்திய சுவிட்சுக்குப் புதிய பார்ட் நம்பர் தரப்படவில்லை. குறையுள்ளதும் குறை நீங்கியதும் ஒரே எண்ணில் உலவத் தொடங்கின.

அதன் பிறகு நடந்தது ஒரு நீண்ட தடுமாற்றம். முன்பக்க விபத்துகளில் ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று நிறுவனத்துக்குள்ளேயே ஆராய்ந்தவர்கள், பிந்தைய ஆண்டுகளில் வந்த கார்களில் இந்தக் கோளாறு ஏன் குறைகிறது என்று புரியாமல் விழித்தார்கள். ஆவணத்தில் தேடினால் ஒரே எண். எனவே ஒரே சுவிட்ச். 2010-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் கோபால்ட் கார் விபத்தில் இறந்தார். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்களுடைய வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர், விபத்துக் காரின் சுவிட்சோடு அதே எண்ணில் கடையில் விற்ற புதிய சுவிட்சையும் வைத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த தண்டுகளின் நீளம் வேறு, சாவியைத் திருப்பத் தேவைப்பட்ட விசையும் வேறு. கையெழுத்திட்ட பொறியாளரோ 2013-இல் வாக்குமூலம் தந்தபோது, தனக்குத் தெரிந்து அப்படியொரு மாற்றம் நடக்கவில்லை என்றார்.

2014 பிப்ரவரியில் கார்களைத் திரும்ப அழைக்கும் வேலை தொடங்கியது. மார்ச் முடிவதற்குள் எண்ணிக்கை 26 லட்சமாக உயர்ந்தது. உயர்ந்ததற்கான காரணங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சுவிட்சுகளில் சுமார் 95,000 உதிரிபாகங்களாக விற்கப்பட்டிருந்தன. எண் ஒன்றே என்பதால், நல்ல சுவிட்சோடு பிறந்த கார்களிலும் பழுதுபார்க்கும்போது கெட்ட சுவிட்ச் ஏறியிருக்கலாம். எதில் எது இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாததால் அந்தக் கார்களையும் சேர்த்தே அழைக்க வேண்டியதாயிற்று. இழப்பீட்டு நிதியை நிர்வகித்தவர்கள் இறுதியில் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அமெரிக்க அரசுடன் வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் கட்டிய தொகை 90 கோடி டாலர்.

இதைப் பொறியியல் பிழை என்று மட்டும் எழுதிவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். குறித்த விசையை எட்டாத சுவிட்சை 2002-இல் தெரிந்தே ஏற்றது முதல் பிழை. அதற்கு இணையான இன்னொரு பிழை ஆவணத்தில் நடந்தது. குறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே அடையாளத்தை அது அழித்துவிட்டது. ஒரு பொருளை யார் திருத்தலாம், யார் ஒப்புதல் தர வேண்டும், எப்போது எண்ணை மாற்ற வேண்டும், பழையதை எங்கே வைக்க வேண்டும் என்ற விதிகள் இன்று பெரும்பாலும் மென்பொருளுக்குள்தான் குடியிருக்கின்றன. நம்முடைய பட்டா, வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் அந்த விதிகளின் ஆளுகையில் இருக்கின்றன. எந்தச் சட்டமன்றமும் விவாதிக்காத சட்டங்கள் அவை. விவாதிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வரைவு முதல் ஓய்வு வரை

எனோவியா, டீம்சென்டர், வின்ட்சில் போன்ற தரவு மேலாண்மை மென்பொருள்கள் பெரிய தொழிற்சாலைகளின் நினைவகம். ஒரு டிராயிங், ஒரு பாகம், ஒரு பாகப்பட்டியல் ஒவ்வொன்றும் அங்கே தனித்தனிப் பொருள். பிறக்கும்போது அது வரைவு. பிறகு ஆய்வுக்குப் போகும். தேறினால் 'ரிலீஸ்' ஆகும். காலம் முடிந்தால் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்படும். ஒவ்வொரு நிலையிலும் அதை யார் பார்க்கலாம், யார் தொடலாம், அடுத்த நிலைக்கு யார் ஏற்றலாம் என்று வரையறுப்பதுதான் ஆயுள் விதி. ஒசூரிலோ ஒரகடத்திலோ கோவையிலோ தொழிற்சாலைக்குள் நடந்தால் 'ரிலீஸ் ஆயிடுச்சா, எந்த ரிவிஷன்?' என்ற கேள்வி காதில் விழாமல் இருக்காது. தவறான ரிவிஷனைப் பார்த்து உலோகத்தைக் கடைந்துவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்பது அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும்.

திருத்தத்திலும் இரண்டு வகை உண்டு. வரைவு நிலையில் ஒரு பொறியாளர் நாளைக்குப் பத்து முறை மாற்றிச் சேமிக்கலாம். அவை உள்திருத்தங்கள், ஏ.1, ஏ.2, ஏ.3 என்று எண்ணால் வளரும். ரிலீஸ் ஆன பிறகு தொட வேண்டுமானால் ஏ-யைத் தொடக் கூடாது. பி என்ற புதிய ரிவிஷனைத் திறக்க வேண்டும். ஏ அப்படியே உறைந்து நிற்கும். இந்த எழுத்துகளுக்கும் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தர விதி ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆங்கில எழுத்துகளை ரிவிஷனுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஐ என்பதை 1 என்றும், ஓ என்பதைப் பூஜ்யம் என்றும், எஸ் என்பதை 5 என்றும் ஒருவர் மாற்றிப் படித்துவிட்டால் நேரக்கூடியதை அனுபவத்தில் கண்டவர்கள் எழுதிய விதி அது.

எப்போது ரிவிஷன் போதும், எப்போது எண்ணையே மாற்ற வேண்டும்? பொறியியல் உலகம் இதற்கு மூன்று சோதனைகளை வைத்திருக்கிறது: வடிவம், பொருத்தம், செயல்பாடு. புதியது இருக்க வேண்டிய இடத்தில் பழையதை வைத்தாலும், பழையது இருந்த இடத்தில் புதியதை வைத்தாலும் எந்த வேறுபாடும் இருக்காது என்றால் எண் மாற வேண்டியதில்லை. மூன்றில் ஒன்று மாறினாலும் புதிய எண். ஜெனரல் மோட்டார்ஸ் சுவிட்ச் பார்வைக்கு அப்படியே இருந்தது, அதே இடத்தில் பொருந்தியது, ஆனால் சாவியைப் பிடித்து வைக்கும் வேலையை முந்தையதைவிட நன்றாகச் செய்தது. மூன்றாவது சோதனையிலேயே அது வேறு பொருள்.

நம் கிராமங்களுக்கு இது புதிய பாடமல்ல. நிலத்தைப் பாகம் பிரித்தால் சர்வே எண்ணில் உட்பிரிவு விழும். 45/2 என்ற நிலம் இரண்டானால், 45/2ஏ என்றும் 45/2பி என்றும் ஆகும். இரண்டு பேருக்கு உரிய இரண்டு துண்டுகளைப் பழைய ஒரே எண்ணில் விட்டுவைத்தால் என்ன வழக்கு வரும் என்று விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒப்புதல் என்னும் முத்திரை

எண்ணை ஒழுங்காக மாற்றியும் ஏமாற முடியும். நிலை மாறுவதற்கு முன் நடக்க வேண்டிய ஆய்வு நடக்காவிட்டால் 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

1981 ஜூலை 17 அன்று கன்சாஸ் சிட்டியின் ஹயாட் ரீஜென்சி விடுதியில் இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தனர். கூரையிலிருந்து இறங்கும் நீளமான கம்பிகளில் நான்காம் மாடிப் பாலமும் இரண்டாம் மாடிப் பாலமும் தனித்தனியாகத் தொங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. செய்வதற்கு எளிது என்று ஒரு கம்பியை இரண்டாக்கினார்கள். கூரையிலிருந்து நான்காம் மாடிப் பாலம் வரை ஒன்று. அந்தப் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்தைத் தொங்கவிட இன்னொன்று. படத்தில் பார்த்தால் சின்ன வேறுபாடு. ஆனால், மேல் பாலத்தின் இணைப்பு தன் சுமையோடு கீழ்ப் பாலத்தின் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று; பளு இரு மடங்கானது. முதல் வடிவமைப்பே கட்டட விதி கேட்ட வலிமையை எட்டவில்லை என்று பின்னர் வந்த அரசு ஆய்வு சொன்னது. இந்த மாற்றம் அடங்கிய பட்டறை வரைபடங்களில் பொறியாளர் நிறுவனத்தின் ஒப்புதல் முத்திரை இருந்தது. மாறிய இணைப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்ததற்கான தடம்தான் இல்லை. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள்.

இன்றைய மென்பொருளில் அந்த முத்திரை ஒரு பொத்தானாகிவிட்டது. மேலாளர் மாலையில் அமர்ந்து வரிசையில் நிற்கும் கோப்புகளை மொத்தமாகத் தேர்வு செய்து 'அப்ரூவ்' என்று தட்டிவிடுகிறார். யார், எந்த நாளில், எத்தனை மணிக்குத் தட்டினார் என்று மென்பொருள் துல்லியமாகப் பதிவுசெய்யும். அவர் படித்தாரா என்று அதற்குத் தெரியாது. இங்கேதான் விதியின் தரம் தெரியும். நல்ல விதி, மாற்றத்தின் பளுவுக்கு ஏற்ப ஆய்வைக் கூட்டும். எழுத்துப்பிழை திருத்தத்துக்கு ஒருவர் போதும். சுமை தாங்கும் இணைப்பை மாற்றினால் கணக்குத் தாளை இணைக்காமல் அடுத்த நிலைக்குப் போக முடியாது என்று கதவை அடைக்கும். மோசமான விதி எல்லாவற்றுக்கும் ஏழு கையெழுத்து கேட்கும். ஏழு பேர் கையெழுத்திடும் இடத்தில் ஒருவரும் படிப்பதில்லை; மற்ற ஆறு பேர் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொருவரும் பேனாவை எடுக்கிறார்.

மறைத்து வைக்கும் அதிகாரம்

நிலையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். இந்தியாவுக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கைப் பல ஆண்டுகளாக ஊதிப் பெருக்கியதாக எழுதிக்கொடுத்தபோது நாடு அதிர்ந்தது. விசாரணையில் வெளிவந்த செய்முறை, ஆயுள் விதியை எப்படித் திருப்பிப் பிடிக்கலாம் என்பதற்குப் பாடநூல். நிறுவனத்தின் விலைப்பட்டியல் மென்பொருளில் எல்லா அதிகாரமும் கொண்ட 'சூப்பர் யூசர்' கணக்கு ஒன்று இருந்தது. அதன் வழியாக ஒரு விலைப்பட்டியலை 'மறை' என்ற நிலைக்குத் தள்ள முடியும். அப்படித் தள்ளினால், அந்த வாடிக்கையாளரோடு பணிபுரியும் பிரிவின் கண்ணுக்கு அது தெரியாது. நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் மட்டும் சேர்ந்துகொள்ளும். இப்படி 7,500-க்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்கள், 5,000 கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்பில் கணக்கில் ஏறின என்று மத்தியப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. 2015-இல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உள்ளிட்டோருக்கு ஏழாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இங்கே மென்பொருள் பழுதாகவில்லை. ஒரு பொருளுக்கு மறைந்திருக்கும் நிலையும் உண்டு, அந்த நிலைக்கு அனுப்பும் உரிமை ஒரு சிலருக்கு உண்டு என்று எழுதப்பட்டிருந்த விதியை அது விசுவாசமாக நிறைவேற்றியது. மோசடிக்குத் தேவைப்பட்டது பூட்டை உடைக்கும் திறமையன்று. சாவி யாரிடம் இருக்கும் என்று முடிவுசெய்யும் இடத்தில் அமர்ந்திருப்பதே போதுமானதாக இருந்தது.

அரசு இதற்கு மெதுவாகவேனும் பதில் சொன்னது. நிறுவனங்கள் (கணக்குகள்) விதிகள், 2014-இல் 2021 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தணிக்கைத் தடத்தைப் பதிவுசெய்யும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். கணக்கில் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தத் தடத்தை நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்றது அந்த விதி. இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டேலி கணக்கு மென்பொருளில் 'எடிட் லாக்' என்ற சொல் சிறிய கம்பெனிகளின் கணக்கர்களுக்கும் பழக்கமானது அப்படித்தான். மென்பொருளின் உள்விதி எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் நேரடியாகக் கட்டளையிட்ட அரிதான இடம் இது. 'நிறுத்திவைக்க முடியாதபடி' என்ற நிபந்தனைதான் இதன் உயிர். தணிக்கைத் தடத்தை நிர்வாகி விரும்பும்போது அணைக்கலாம் என்றால், அணைக்க வேண்டிய தேவை உள்ளவர்தான் அணைப்பார்.

ஓய்வுபெறாத பழையது

பொருளின் பிறப்பைப் பற்றி நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறையில் கால்வாசிகூட அதன் முடிவைப் பற்றி எடுத்துக்கொள்வதில்லை. வழக்கொழிந்தது என்று வாயால் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

நைட் கேப்பிட்டல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது. அதன் வணிக மென்பொருளில் 'பவர் பெக்' என்ற பழைய பகுதி இருந்தது. 2003-இலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், நீக்கவில்லை. 2012-இல் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தபோது, பவர் பெக்கை இயக்கிவந்த அதே அடையாளக் குறியைப் புதிய வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றி ஒன்றை விட்டுவிட்டார்கள். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் ஒன்பதாண்டு உறங்கிய பவர் பெக் விழித்துக்கொண்டது. எவ்வளவு வாங்கி முடித்தோம் என்று கணக்குப் பார்க்கும் பகுதி அதிலிருந்து முன்பே அகற்றப்பட்டிருந்ததால், நிறுத்தத் தெரியாமல் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். சந்தை திறப்பதற்கு முன்பே பவர் பெக்கின் பெயரைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவற்றை எச்சரிக்கையாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. பதற்றத்தில் அவர்கள் செய்த காரியம் இன்னும் மோசம். புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். உடனே அந்த ஏழிலும் பழைய பவர் பெக் ஓடத் தொடங்கியது.

ஜெனரல் மோட்டார்ஸ் கதையின் மறுபக்கம் இது. அங்கே புதிய பாகம் பழைய எண்ணோடு வந்தது. இங்கே புதிய வசதிக்குப் பழைய குறி சூட்டப்பட்டது. இரண்டிலும் ஒரே பெயரைப் பார்த்தவர்கள், பின்னால் ஒரே பொருள் இருப்பதாக நம்பினார்கள். அப்படி நம்பியதில் அவர்கள் தவறேதும் இல்லை. பெயர் என்பதே அந்த நம்பிக்கைக்காகத்தான் இருக்கிறது. ஒருமுறை ஒரு பொருளுக்குத் தந்த அடையாளத்தை அது ஓய்வுபெற்ற பிறகும் வேறெதற்கும் தரக் கூடாது என்பது ஆயுள் விதிகளில் மிக எளியது. மிக அதிகமாக மீறப்படுவதும் அதுதான்.

எதைக் காப்பது, எதை அழிப்பது

அப்படியானால் எல்லாப் பதிப்பையும் என்றென்றும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சேமிப்பகம் மலிவாகிவிட்டது. அமேசானின் எஸ்-3 சேமிப்பகத்தில் பதிப்புக் காப்பை இயக்கிவிட்டால், ஒரு கோப்பை அழித்தாலும் 'அழிக்கப்பட்டது' என்ற குறிதான் மேலே விழும். பழைய பதிப்புகள் அடியில் அப்படியே இருக்கும். இன்னும் கடுமையான பூட்டைப் போட்டால், குறித்த காலம் முடியும் வரை கணக்கின் முதன்மை உரிமையாளராலும் அழிக்க முடியாது. அமெரிக்கப் பங்குத் தரகர்கள் தங்கள் மின்னணுப் பதிவுகளை அழிக்கவும் மேலெழுதவும் முடியாத வடிவில் வைக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் 1997-இலேயே சொல்லிவிட்டது. 2022-இல் அந்த விதியைத் தளர்த்தி, மாற்றங்களின் முழுத் தடமும் இருந்தால் போதும் என்ற மாற்று வழியையும் ஏற்றுக்கொண்டது.

ஆனால், காப்பது எப்போதும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவர் எப்போதெல்லாம் ஆதாரைக் கொண்டு அடையாளம் காட்டினார் என்ற பதிவுகளை ஐந்தாண்டு வைத்திருக்கலாம் என்ற விதியை ரத்துசெய்தது. ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. அன்றாட அசைவுகளின் நீண்ட பதிவு, குடிமகனைக் கண்காணிக்கும் கருவியாக மாறும் என்ற அச்சம் அந்த வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்காகத் தரவைப் பெற்றார்களோ அது முடிந்ததும் அழிக்க வேண்டும் என்கிறது. எதிர்த்திசையில், 1993-இன் பொது ஆவணங்கள் சட்டம், உரிய முறையின்றி அரசு ஆவணத்தை அழிப்பதைக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. 1892-க்கு முந்தைய ஆவணத்தை, பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்தால் ஒழிய, அழிக்கவே கூடாது என்றும் சொல்கிறது.

இந்தச் சட்டங்கள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அதிகாரம் உள்ளவரின் செயலுக்கான தடம் நெடுங்காலம் இருக்க வேண்டும். அதிகாரம் இல்லாதவரின் வாழ்க்கைத் தடம் தேவைக்கு மேல் ஒரு நாளும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கும் விதிதான் பிழையானது. ஒரு நோயாளியின் குறிப்பை அழிக்கும் நாள் வரும்போது உள்ளடக்கம் போகட்டும். யார், எந்த ஆணையின்படி, எந்த நாளில் அழித்தார் என்ற வரி இருக்கட்டும். எதை அழித்தோம் என்பதைச் சொல்லாமலே, அழித்தோம் என்பதைச் சொல்ல முடியும்.

கட்டுப்பாட்டின் விலை

இவற்றையெல்லாம் விதியாக்கினால் வேலை நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு திருகாணியின் நீளத்தை மாற்ற மூன்று வாரம் காத்திருக்கும் பொறியாளர், நான்காவது முறை மென்பொருளுக்கு வெளியே தன் மடிக்கணினியில் ஒரு கோப்பை வைத்துக்கொள்வார். அதன் பெயர் 'ஃபைனல்' என்று தொடங்கும். ஒரு மாதத்தில் 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 2' ஆகும். விதி இறுகிய இடத்தில் உண்மையான வேலை விதிக்கு வெளியே குடியேறிவிடும். அதிகாரபூர்வக் கோப்பு தூய்மையாகவும் பொய்யாகவும் இருக்கும்.

அதனால்தான் நிலைகள் தேவைப்படுகின்றன. வரைவில் தாராளமும் வெளியீட்டுக்குப் பிறகு கறாரும் என்பதே இத்தனை ஆண்டு அனுபவத்தின் சாரம். யோசிக்கும் இடத்தில் மனிதர்களைச் சுதந்திரமாக விட வேண்டும். அந்த யோசனையை நம்பி இன்னொருவர் காரியத்தில் இறங்கும் கணத்திலிருந்து அதைத் தொடுவது கடினமாக வேண்டும். பிறர் நம்பத் தொடங்கும் அந்தக் கணம் எது என்று கண்டுபிடிப்பதுதான் விதி எழுதுபவரின் முதல் வேலை. வன்பொருள் தயாரிப்பில் அது முதல் வார்ப்பு. கணக்கில் அது கையொப்பமிட்ட அறிக்கை. பதிவு அலுவலகத்தில் அது பத்திரத்தில் விழும் எண். இதை மென்பொருள் விற்பவர் சொல்ல முடியாது. அந்தத் தொழிலில் உழன்றவர்தான் சொல்ல முடியும். ஆனால் பெரும்பாலான இடங்களில் மென்பொருளோடு வந்த முன்னமைவே விதியாகிவிடுகிறது. யாரும் தேர்ந்தெடுக்காத விதி எல்லோரையும் ஆள்கிறது.

அரசுத் தரவில் என்ன வேண்டும்

தனியார் நிறுவனத்தில் விதி தவறினால் பங்குதாரரும் வாடிக்கையாளரும் நீதிமன்றம் போகலாம். அரசுத் தரவுத்தளத்தில் தவறினால் குடிமகனுக்கு முதலில் தெரியவே தெரியாது. தமிழ்நாட்டில் 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் (யு.டி.ஆர்.) பிழைகள் இன்றும் தாலுகா அலுவலகங்களில் 'யு.டி.ஆர். திருத்தம்' என்ற பெயரில் வரிசையில் நிற்கின்றன. பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, உரியவர் விடுபட்டது என்று மனுக்கள் வருகின்றன. அவற்றைத் தீர்க்க முடிகிறது என்றால் அதற்கு முக்கியக் காரணம், யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடுகளும் நிலவரித் திட்டப் பதிவேடுகளும் தாளில் தப்பிப் பிழைத்திருப்பதுதான். பழைய பதிப்பு கிடைப்பவருக்கு வழக்கு இருக்கிறது. கரையான் தின்றுவிட்டவருக்கு இல்லை. கணினியில் ஏறிய பதிவேட்டுக்குக் கரையான் பயம் கிடையாது. ஆனால், பழைய வரியின் மேல் புதிய வரியை எழுதிவிட்டால், முந்தையது இருந்ததற்கான சாம்பல்கூட மிஞ்சாது.

ஆகவே, அரசு வாங்கும் ஒவ்வொரு தரவு மென்பொருளுக்கும் நான்கு நிபந்தனைகள் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட பதிவின் மேல் மேலெழுதும் வசதி எவருக்கும் இருக்கக் கூடாது. திருத்தம் என்பது புதிய பதிப்பாகவே பிறக்க வேண்டும். இரண்டாவது, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, எந்தப் பதவியில் இருப்பவர், எந்த ஆவணத்தின் பேரில் மாற்றலாம் என்ற அட்டவணையை அரசிதழில் வெளியிட வேண்டும். மூன்றாவது, தணிக்கைத் தடத்தின் காவல், அந்தத் தரவைத் திருத்தும் துறையிடம் இல்லாமல் வேறொரு துறையிடம் இருக்க வேண்டும். நான்காவது, தன்னைப் பற்றிய பதிவின் முழு மாற்ற வரலாற்றையும் பார்க்கும் உரிமை குடிமகனுக்கு வேண்டும். இன்று யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் காட்டினால் போதாது. நேற்று யார் பெயர் இருந்தது, எந்த ஆணையால் மாறியது என்பதும் அதே திரையில் தெரிய வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. கார் தொழிற்சாலைகள் திருகாணிக்குச் செய்வதை நிலத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் செய்யச் சொல்கிறோம், அவ்வளவே. கம்பெனிக் கணக்குக்கு 'நிறுத்திவைக்க முடியாத தடம்' கட்டாயம் என்று சொன்ன அரசு, அதே கட்டாயத்தைத் தன் பதிவேடுகளுக்கும் விதித்துக்கொள்வதில் தயங்க என்ன இருக்கிறது? அடுத்த மென்பொருள் ஒப்பந்தப்புள்ளி வெளியாகும்போது, சட்டமன்ற உறுப்பினர்களும் தணிக்கையாளர்களும் விலையைக் கேட்பதற்கு முன் அதன் ஆயுள் விதி அட்டவணையைக் கேட்கட்டும். அதைக் காட்ட முடியாத துறைக்கு அந்த மென்பொருளை வாங்க அனுமதி தரக் கூடாது.